முப்பது வயதில் காதுமடலைத் திருத்திக்கொண்டேன்

விடைத்து நிற்கும் காதுமடலை அறுவைச் சிகிச்சையில் சரிசெய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக, மூன்றாண்டுகளுக்கு முன் நான் செய்துகொண்டதை எழுதுகிறேன். பள்ளியில் எனக்கு 'முறக்காதன்' என்று பெயர். பெரிய காது யோகம் என்று பாட்டி தேற்றுவார். கல்லூரியில் முடியை வளர்த்து மறைத்துக்கொண்டேன். 2020-இல் முகக்கவசம் கட்டாயமானபோது அதன் நாடா இரு மடல்களையும் மேலும் முன்னுக்கு இழுத்துவிட்டது. அப்படியே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த மாதங்களில்தான் மருத்துவரைப் பார்க்கும் எண்ணம் உறுதியானது.

முதலில் போன இடத்தில் என் காதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வலியே இருக்காது, மறுநாளே வேலைக்குப் போகலாம் என்று சொல்லி முன்பணம் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன், அதை இன்றும் சரியென்றே நினைக்கிறேன். இரண்டாவதாகப் பார்த்த பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர் சிறிய அளவுகோலால் மடலின் ஓரத்துக்கும் தலைக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். இடப்பக்கம் 27 மில்லிமீட்டர், வலப்பக்கம் 24. இருபதுக்குள் இருந்தால் பொதுவாகக் கண்ணுக்கு உறுத்தாது என்றார். இரண்டும் ஒரே அளவில்லை என்பது அதுவரை எனக்கே தெரியாது. மடலின் மேற்பகுதியில் விழவேண்டிய உள்மடிப்பு எனக்கு விழவில்லை என்பதையும், நடுவிலுள்ள கிண்ணம் போன்ற குழி ஆழமாக இருப்பதையும் கண்ணாடியில் காட்டினார்.

பிறகு, சிறுவயதில் எனக்குக் காது குத்திய இடத்தை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். அங்கே தழும்பு தடித்து வளர்ந்திருந்தால், காதுக்குப் பின்னால் கத்தி வைக்கும் இடத்திலும் அவ்வாறே வளர வாய்ப்பு உண்டாம். நம்மில் பலருக்குக் காது குத்தியிருப்பதால், மருத்துவரிடம் போகுமுன் இதை வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம்.

சிறுவர்களுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். எனக்கு மரத்துப்போகும் ஊசி மட்டுமே. வலி தெரியவில்லை, ஆனால் ஓசை கேட்டது. குருத்தெலும்பை மடித்து நிறுத்தும் தையல் நூல் ஒவ்வொரு முறை இறுகும்போதும், நனைந்த கயிற்றை மரத்தில் இழுத்துக் கட்டுவது போன்ற கரகரப்பு மிக அருகில் கேட்டது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

தலையைச் சுற்றிய கட்டு ஏழு நாள் இருந்தது. இரண்டாம் இரவு இடக்காதில் மட்டும் வலி விண்விண்ணென்று ஏறிக்கொண்டே போனது. மாத்திரை போட்டுக்கொண்டு விடியும்வரை பொறுத்திருக்கலாம் என்றுதான் நான் நினைத்தேன், அம்மா விடவில்லை. மருத்துவர் கட்டைப் பிரித்து, தோலுக்கடியில் தேங்கியிருந்த இரத்தத்தை வெளியேற்றினார். அது தேங்கியே இருந்தால் குருத்தெலும்பு ஊட்டமிழந்து மடலின் வடிவமே கெட்டுவிடக்கூடும் என்றார். ஒரு பக்கம் மட்டும் வலி கூடினால் எந்த நேரமானாலும் மருத்துவரை அழையுங்கள்.

அதன்பின் ஆறு வாரம் இரவில் தலைப்பட்டை அணிந்து உறங்கினேன். எட்டாம் மாதத்தில் காதுக்குப் பின்னால் ஒரு தையல் முடிச்சு வெளியே எட்டிப் பார்த்தது. சில நிமிடங்களில் எடுத்துவிட்டார்கள். செவித்திறனில் மாற்றமில்லை, ஏனெனில் மடலைத் தாண்டிக் காதின் உட்பகுதியில் எதையும் தொடுவதில்லை. இப்போது இடது 18, வலது 17. இரண்டும் தலையோடு ஒட்டிக்கொள்ளவில்லை, நேராகப் பார்த்தால் ஓரம் தெரிகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

பெற்றோருக்கு ஒன்று. ஐந்தாறு வயதில் காது ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்துவிடும் என்பதால் அதற்குப் பிறகே செய்வார்கள். ஆனால் பிள்ளை தானாகக் கேட்கும்வரை பொறுங்கள் என்பதே என் வேண்டுகோள். 1881-இல் நியூயார்க்கில் எட்வர்ட் எலி என்ற மருத்துவர் இத்தகைய காதைச் சரிசெய்ததும், பள்ளித் தோழர்களின் கேலியால் துன்பப்பட்ட ஒரு சிறுவனுக்குத்தான்.

பிறந்த குழந்தைக்கோ வேறு வழியுண்டு. தாயின் ஹார்மோன் உடலில் மிஞ்சியிருக்கும் முதல் சில வாரங்களில் குருத்தெலும்பு மெழுகாய் இளகியிருக்கும். அக்கா மகளுக்கு என்னுடைய காதே வாய்த்திருந்தது. ஒன்பதாம் நாள் அதைக் கவனித்து அழைத்துப் போனோம்; மென்மையான அச்சை மடலில் பொருத்தி ஒட்டினார்கள். ஐந்தாம் வாரம் அதைக் கழற்றியபோது, எனக்கு முப்பது ஆண்டுகள் விழாத அந்த மடிப்பு அவளுக்கு விழுந்திருந்தது.