அம்பருக்குள் இருப்பது கொசுதானா?

வைகறை:
வணக்கம். போன மாதம் வேலை விஷயமாகப் போலந்தின் கதான்ஸ்க் நகரத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கடையில் கட்டைவிரல் நகம் அளவு அம்பர் துண்டு, அதாவது பல கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய மரப்பிசின், வாங்கினேன். உள்ளே இருப்பது கொசு என்றார்கள். வீட்டில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் கூன் விழுந்த முதுகு, நீளக் கால்கள், ஒரே ஒரு ஜோடி இறக்கை. குத்துகிற ஊசிவாய் மட்டும் இல்லை. உடல் மூன்று மில்லிமீட்டர்கூட வராது. இது உண்மையான அம்பர்தானா? உள்ளே என்ன பூச்சி? இதற்குப் பெயர் வைக்கலாமா என்று என் மகள் தினமும் கேட்கிறாள்.

உப்பளம்:
ஒரு டம்ளர் தண்ணீரில் கரையும்வரை உப்புப் போட்டு, துண்டை அதில் விடுங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடி மூழ்கிவிடும். ஆனால் கோபால் (copal) என்கிற வயது குறைந்த மரப்பிசினும் மிதக்கும். அதனால் ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் கோபால். பூச்சிக்கு மேலே மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பூச்சிப்பெட்டி:
ஒரு ஜோடி இறக்கை என்றால் ஈ வரிசை, அதாவது டிப்டெரா. உங்களுடையதுபோல் பால்டிக் கடல் பகுதியில் கிடைக்கும் அம்பரில் உண்மையான கொசு அபூர்வம். காளான் ஈக்களும் கடிக்காத சிறு ஈக்களும்தான் ஏராளம். நீங்கள் சொல்லும் கூன் முதுகைப் பார்த்தால் எனக்குக் காளான் ஈ என்றே படுகிறது.

துண்டின் மேல் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு மெல்லிய கண்ணாடியால் மூடுங்கள். மேற்பரப்பின் கீறல்கள் மறைந்து உள்ளே தெளிவாகத் தெரியும். மூன்று இடங்களைப் பாருங்கள். உச்சந்தலையில் புள்ளி போன்ற தனிக்கண்கள் இருந்தால் கொசு இல்லை. இரண்டு கூட்டுக்கண்களும் உணர்கொம்புக்கு மேலே பாலம் போட்டதுபோல் சேர்கின்றனவா? இறக்கை நடுவே ஒரு நரம்பு கவட்டையாகப் பிரிந்து மணி வடிவில் விரிகிறதா?

வைகறை:
அசிட்டோன் வைத்தும் பிசுபிசுக்கவில்லை. கிளிசரின் அருமையான யோசனை! தனிக்கண்கள் இருக்கின்றன, கண் பாலமும் இருக்கிறது. கவட்டை மணி மாதிரியேதான். பக்கத்தில் நட்சத்திர வடிவில் நுண்ணிய முடிகளும் தெரிகின்றன.

பூச்சிப்பெட்டி:
அப்படியானால் இது காளான் ஈக்களில் சியாரிடே என்கிற குடும்பம். படிக்கும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்த நட்சத்திர முடிகள் ஓக் மரத்தினுடையவை, பால்டிக் அம்பரில் நிறையக் காணலாம். சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் பிசின் வழிந்த அதே காட்டில் ஓக்கும் இருந்திருக்கிறது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். குடும்பம் வரை நாம் சொல்லலாம், இனம் என்று வந்தால் அப்படி இல்லை. ஆண் பூச்சியாக இருந்தால் வயிற்று நுனியில் உள்ள பிடிப்புறுப்பின் வடிவத்தைத்தான் நிபுணர்கள் பார்ப்பார்கள். புதிய இனமாக அறிவித்தால், பின்னால் வருபவர்களும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் துண்டு ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பதுதான் முறை. கதான்ஸ்க் பல்கலைக்கழகத்திலேயே அம்பருக்குள் சிக்கிய உயிர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் உண்டு. வயிற்று நுனியை நன்றாகப் படமெடுத்து அவர்களுக்கு எழுதிப் பாருங்கள். அதுவரை துண்டை வெயில் படாமல் வையுங்கள், மெருகேற்ற யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: துளசித் தொட்டியில் தண்ணீர் அதிகமானால் ஈர மண்ணுக்கு மேல் கறுப்பாகச் சின்ன ஈக்கள் பறக்குமே, அவற்றில் பெரும்பாலானவை இதே குடும்பம்தான். அதே லென்ஸில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் அந்தக் கண் பாலம் அதிலும் தெரியும்.

வைகறை:
இப்போதே தொட்டியருகே போய் உட்கார்ந்துவிட்டாள்.