மறு: ஃபங்க்டருக்குச் ‘சார்பி’யா, ‘பெயர்ப்பி’யா?

> ஃபங்ஷனுக்குச் ‘சார்பு’ பாடநூலிலேயே இருக்கிறது. ஃபங்க்டரைச் ‘சார்பி’ என்றால் உறவு உடனே தெரியும்.

ஐயா, வணக்கம். நம் கணிதக் கலைச்சொல் பட்டியலில் ஃபங்க்டர் (functor) என்பதற்குச் ‘சார்பி’ என்று நீங்கள் எழுதியதற்கு என் பதில் இது.

அந்த உறவுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது. தருமபுரியில் என்னிடம் முதுகலை படிப்பவர்களில் பலர் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள், பள்ளியில் தமிழ்வழி. ‘சார்பு’ என்றதும், ஓர் உறுப்பைக் கொடுத்தால் இன்னோர் உறுப்பு வரும் என்று சரியாகவே பிடித்துக்கொள்கிறார்கள். ஃபங்க்டரோ, எடுத்துக்காட்டாக, ஒரு வெக்டர் வெளியை முழுதாக வாங்கிக்கொண்டு இன்னொரு வெளியைத் தருகிறது. இரண்டு வெளிகளுக்கு நடுவே நேரியல் உருமாற்றம் ஒன்று இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோகிறது. உருமாற்றங்களை அடுத்தடுத்துச் செய்தால் அந்தச் சேர்க்கையும் குலைவதில்லை.

முடிவுறு களத்தின் (நான்கு அடிப்படைக் கணக்குகளும் செய்யக்கூடிய, உறுப்புகள் எண்ணி முடியும் எண் அமைப்பு) மீதான வெக்டர் வெளிகளுக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடும். 0, 1 என இரண்டே உறுப்புகள் கொண்ட களத்தை எடுத்துக்கொள்வோம். வெளி அ-வை அதன் இரண்டாம் சமச்சீர் அடுக்குக்கு (வெக்டர்களை, வரிசை பாராமல், இரண்டிரண்டாகப் பெருக்கிக் கிடைக்கும் வெளி) அனுப்புவது ஃபங்க்டர். அ-வுக்குள் இருக்கும் ஒரு வெக்டரை அதன் வர்க்கத்துக்கு அனுப்புவது சார்பு. இந்தக் களத்தில் 1+1=0 என்பதால் (க+ச)² = க²+ச². அதாவது வர்க்கமாக்கும் சார்பே இங்கே நேரியலாகிவிடுகிறது! ஆள்கூறு எதையும் தேர்ந்தெடுக்காமல் எல்லா வெளிகளுக்கும் ஒன்றுபோல் பொருந்துவதால், அது இரண்டு ஃபங்க்டர்களுக்கு இடையிலான இயல்மாற்றமும் (natural transformation) ஆகிறது. அதன் வழியாக அ தன் சமச்சீர் அடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வர்க்கங்களைச் சுழியாகக் கருதி ஈவு எடுத்தால் கிடைப்பது இரண்டாம் புற அடுக்கு (எந்த வெக்டரையும் தன்னோடு பெருக்கினால் சுழி வரும் பெருக்கல் வெளி). ஆனால் சமச்சீர் அடுக்கை இந்த இரண்டின் நேர்க்கூட்டலாக, இயல்பான முறையில், பிரிக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. இதை நடத்தும்போது ‘சார்பின்’, ‘சார்பியின்’ என்று மாறி மாறி வந்தால் கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு எது எதுவென்று கேட்கும்?

என் பரிந்துரை ‘பெயர்ப்பி’. மரத்தை வேரோடு பெயர்த்து நடுவதுபோல, பொருள்களை அவற்றின் அம்புகளோடு (பொருள்களுக்கு இடையிலான உருமாற்றங்களோடு) பெயர்ப்பது. மொழிபெயர்ப்பால் பழகிய வினைதான். அடைமொழியும் எளிதாக ஏற்கும்: எளிய பெயர்ப்பி, பல்லுறுப்புப் பெயர்ப்பி.

> கேட்டகரிக்குத் ‘திணை’ என்றால் குறிஞ்சியும் முல்லையும்தான் நினைவுக்கு வரும்.

வரட்டுமே. பொருள்களும் அவற்றை இணைக்கும் அம்புகளும் சேர்ந்த அமைப்புதான் கேட்டகரி (category). 1945-இல் இந்தக் கோட்பாட்டை முன்வைத்த ஐலன்பெர்க்கும் மக்லேனும் கேட்டகரி என்ற பெயரை அரிஸ்டாட்டில், காண்ட் ஆகியோரிடமிருந்தும், ஃபங்க்டர் என்ற பெயரைத் தத்துவ அறிஞர் கார்னாப்பிடமிருந்தும் எடுத்தார்கள். தத்துவத்திலிருந்து அவர்கள் எடுத்ததுபோல இலக்கணத்திலிருந்து நாம் எடுக்கலாம். ‘வகை’ ஏற்கெனவே வகைக்கெழுவில் மாட்டிக்கொண்டது. ‘கணம்’ (set), ‘குலம்’ (group) இரண்டுக்கும் வேறு வேலை இருக்கிறது. உயர்திணை எழுவாய்க்கு உயர்திணை வினைதான் சேரும், மீறினால் திணை வழு. அம்புகளும் அப்படித்தான், ஒரே திணைக்குள்தான் இணையும். திணை தாண்ட வேண்டுமென்றால் பெயர்ப்பி வேண்டும்.

அப்புறம், இரண்டு சொல்லும் சேர்ந்து நிற்க வேண்டும். பெயர்ப்பிகளே பொருள்கள், இயல்மாற்றங்களே அம்புகள் என்று அமையும் திணை ‘பெயர்ப்பித்திணை’. முடிவுறு களங்களின் மீது இப்படி அமையும் திணையைத்தான் 1990-களில் ஹென், லான், ஷ்வார்ட்ஸ், கூன் ஆகியோர் இடவியலில் வரும் ஸ்டீன்ராட் இயற்கணிதத்தோடு இணைத்தார்கள். இதில் வரும் ஒரு பெயர்ப்பியை ஏதாவதொரு வெளியில் வைத்துப் பார்த்தால், அந்த வெளியின் பொது நேரியல் குலம் (அதன் மீளத்தக்க நேரியல் உருமாற்றங்கள் எல்லாம் சேர்ந்தது) கிடைத்த விடையின் மேல் தானாகவே செயல்படும். பெயர்ப்பி ஒன்றே ஒன்று. அது எல்லாப் பரிமாணங்களிலும் இந்தக் குலங்களுக்கு ஒருசேர இடம் தருகிறது. ‘சார்பித்திணை’ என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கு ஒட்டவில்லை.

தீராதது ஒன்று உண்டு. இருமை வெளிக்கு (ஒரு வெளியிலிருந்து களத்துக்குப் போகும் நேரியல் சார்புகளின் வெளி) போகும்போது அம்புகள் திசை திரும்பிவிடும். அதற்கு ‘எதிர்ப்பெயர்ப்பி’ என்று எழுதிவருகிறேன். கிருஷ்ணகிரியில் பாடம் எடுக்கும் நண்பர் ‘திருப்புப் பெயர்ப்பி’தான் தெளிவு என்கிறார். பட்டியலை முடிக்குமுன் இதில் உங்கள் கருத்தையும் மற்றவர்கள் கருத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து