டொரண்ட் தேடல் தளத்துக்கு நோட்டீஸ்: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் தம்பி டொரண்ட் (பயனர்கள் தங்கள் கணினிகளுக்குள் நேரடியாகக் கோப்பு பகிரும் முறை) தேடல் தளம் ஒன்றை நடத்திவருகிறான். கோப்பு எதுவும் தன் சர்வரில் இல்லை, இணைப்புகள் மட்டும்தான், அதனால் பயமில்லை என்கிறான். எனக்குத் தூக்கமே வரவில்லை. பைரேட் பே என்ற ஸ்வீடன் டொரண்ட் தளத்தின் வழக்கிலும் இதே வாதம்தான் வைக்கப்பட்டது. 2009இல் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் நால்வருக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவிலோ மூன்றாண்டு வரை சிறை உண்டு.

சென்ற வாரம் ஒரு படத் தயாரிப்பு நிறுவனத்தின் நோட்டீஸ் வந்தது. குறிப்பிட்ட இணைப்புகளை அன்றே நீக்கிவிட்டான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு (பிறர் இடும் தகவலுக்கு இடைநிலைத் தளங்களைச் சில நிபந்தனைகளுடன் பொறுப்பிலிருந்து விலக்குவது) அவனைக் காக்குமா? விளம்பர வருமானம் வாங்கியிருக்கிறானே, அது பாதகமாகுமா? தளத்தை இப்போதே மூடிவிட்டால் பழைய பொறுப்பு நீங்குமா? சென்னையில் இத்தகைய வழக்கு நடத்திய வழக்கறிஞரைத் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பதில் அனுப்பப் பத்து நாள்தான் இருக்கிறது.