ரொறன்ரோவிலிருந்து 3 நாள்: பழைய மரக்குதிரை ராட்டினங்களுக்கு எந்த வழி நல்லது?

வழிப்போக்கன்:
ஓகஸ்டில் ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை காரில் போகும் யோசனை. பெரிய தீம் பார்க் வேண்டாம். கையால் செதுக்கிய, இன்னும் ஓடுகிற குதிரை ராட்டினங்கள்தான் நோக்கம். பிள்ளைகளுக்கு 5, 9 வயது. சென் கதரின்ஸ், நியூ யோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்ரன், பென்சில்வேனியாவில் உள்ள கெனோபல்ஸ் பூங்கா மூன்றையும் ஒரே சுற்றில் முடிக்கலாமா?

கட்டைவண்டி:
முடிக்கலாம், ஆனால் பாதி நேரம் நெடுஞ்சாலையிலேயே போய்விடும். கெனோபல்ஸை விடுங்கள்.

வெள்ளி: முதலில் சென் கதரின்ஸ், போர்ட் டல்ஹவுஸி லேக்சைட் பார்க். ராட்டினச் செதுக்குநர் சார்ல்ஸ் லூஃபின் பட்டறையில் செய்து 1921இல் அங்கே வந்த ராட்டினம். குதிரையோடு சிங்கம், ஒட்டகம், ஆடு எல்லாம் உண்டு. கட்டணம் 5 சதம், சில்லறையோடு போங்கள். பிறகு குயின்ஸ்ரன்–லூயிஸ்ரன் பாலம். வேர்ள்பூல் பாலம் நெக்சஸ் (முன்கூட்டியே சோதித்துப் பதிந்த பயணிகளுக்கான எல்லை அட்டை) உள்ளவருக்கு மட்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் பயணிப்பவர் யாராவது இருந்தால் கனடா பிஆர் (நிரந்தர வதிவிட) அட்டை போதாது, அமெரிக்க விசா வேண்டும். பாலம் தாண்டியதும் நோர்த் ரொனவாண்டாவில் ஹெர்ஷெல் கம்பனியின் பழைய ராட்டினத் தொழிற்சாலை, இப்போது அருங்காட்சியகம். 1916ஆம் ஆண்டு ராட்டினம் உள்ளேயே ஓடுகிறது. செதுக்குக் கூடத்தைப் பார்த்துவிட்டுப் போனால் மறுநாள் காண்பது நன்றாகப் புரியும். இரவு றொச்செஸ்டர்.

சனி: காலையில் றொச்செஸ்டரிலேயே ஒன்ராறியோ பீச் பார்க்கில் டென்ட்சல் கம்பனி செய்த 1905ஆம் ஆண்டு ராட்டினம், பிறகு பிங்ஹாம்ரன், ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். ஞாயிறு பிற்பகல் 3 மணிக்காவது திரும்பப் புறப்படுங்கள்.

மரக்குதிரை:
பிங்ஹாம்ரனுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். சப்பாத்துத் தொழிலதிபர் ஜோர்ஜ் எஃப். ஜோன்சன் அந்தப் பகுதிக்குக் கொடுத்த ஆறு ராட்டினங்களும் இலவசம். எல்லாம் ஹெர்ஷெல் கம்பனி செய்தவை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சிறு தூரம்தான். நேரம் குறைந்தால் ஜோன்சன் சிற்றியில் சி. ஃபிரெட் ஜோன்சன் பார்க் (1923, 72 உருவங்கள், நான்கு வரிசை), றெக்ரியேஷன் பார்க் (1925, 60 குதிரைகள்) இரண்டையும் விடவே கூடாது. எண்டிகொற் பக்கத்தில் உள்ளவை 36 உருவங்கள் கொண்ட சிறியவை, கூட்டமும் குறைவு. 5 வயதுப் பிள்ளை ஆசைதீரச் சுற்ற அவைதான் வசதி.

படம் எடுப்பதானால் குதிரையின் வலப்பக்கத்தை எடுங்கள். அமெரிக்க ராட்டினம் இடஞ்சுழி. வெளியே தெரிவது வலப்பக்கம் என்பதால் செதுக்கு வேலை முழுவதும் அங்கேதான். இடப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இங்கிலாந்து ராட்டினங்களில் இது தலைகீழ்.

நயாகராக்கரை:
மழையை யாரும் சொல்லவில்லையே. பக்கங்கள் திறந்த கொட்டகை என்றால் சாரல் அடித்ததும் நிறுத்திவிடுவார்கள். பலகை வழுக்கும், மரத்தின் ஒட்டு மூட்டுகள் ஈரத்தில் ஊறிப் பின்னர் காயும்போது வெடிக்கும். இசைப்பெட்டியின் காகிதச் சுருளும் ஈரப்பதத்தில் விரிந்து, துளைகள் இடம் மாறித் தவறான சுரம் ஒலிக்கும். சனி மழை என்று வானிலை சொன்னால் அருங்காட்சியகத்தைச் சனிக்கு மாற்றுங்கள், கூரைக்குள் இருக்கிறது. புறப்படும் முன் ஒவ்வொன்றும் அன்று திறந்திருக்கிறதா என்று அந்தந்தப் பூங்காவைக் கேளுங்கள். திருத்த வேலைக்காக ஒரு பருவம் முழுவதும் பூட்டுவதும் உண்டு. செப்ரெம்பர் முதல் திங்களோடு பிங்ஹாம்ரன் பருவம் முடிகிறது.

குதிரையைத் தாங்கும் கம்பியின் மேல்பகுதியைப் பிள்ளைகள் பிடிக்கவிடாதீர்கள். தலைக்கு மேலே சுழன்று குதிரையை ஏற்றி இறக்கும் கிராங்குக்கு (வளைதண்டுக்கு) போட்ட கிரீஸ் அதில்தான் இறங்கும்.

வழிப்போக்கன்:
நன்றி. சின்னவள் பயப்படுவாள். எந்த வரிசையில் ஏற்றுவது?

மரக்குதிரை:
உள் வரிசை. 15 மீட்டர் விட்டத் தட்டு நிமிடத்துக்கு 5 முறை சுற்றினால் வெளி ஓரம் மணிக்கு 14 கி.மீ. போகும், மையத்திலிருந்து 4.5 மீட்டரில் 8.5தான். அதுவும் வேண்டாம் என்றால் அசையாத தேர் இருக்கையில் உட்காரட்டும்.

கட்டைவண்டி:
9 வயதுப் பிள்ளையை வெளி வரிசையில் ஏற்றுங்கள். கெனோபல்ஸுக்கு இன்னொரு முறை போனால் அது உதவும். அங்கே 1913ஆம் ஆண்டு ராட்டினத்தில் பித்தளை வளையம் பிடிக்கும் விளையாட்டு இன்னும் உண்டு. ராட்டினம் ஓடும்போது, வெளியே நீட்டியிருக்கும் குழாயிலிருந்து வளையத்தை வலக்கைச் சுட்டுவிரலைக் கொக்கி போல வளைத்து இழுக்க வேண்டும். வருவதில் பெரும்பாலானவை இரும்பு வளையங்கள், பித்தளை கிடைத்தால் அடுத்த சுற்று இலவசம். வெளி வரிசைக்கு மட்டும்தான் கை எட்டும்.