டேபிள்ஸ்பேஸ்: அட்டவணைவெளியா, தரவுக்குதிரா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் டேபிள்ஸ்பேசுக்கு, அதாவது தரவுத்தளம் தன் தரவை வட்டில் வைக்கும் இடத்துக்கு, 'அட்டவணைவெளி' என்ற முன்மொழிவைப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் சரி, பொருளோடுதான் ஒட்டவில்லை.

ஆரக்கிள் தரவுத்தள மென்பொருளில் டேபிள்ஸ்பேசுக்குள் அட்டவணை மட்டுமா இருக்கிறது? தேடலை விரைவாக்கும் இண்டெக்சும் இருக்கும். மாற்றங்களைத் திரும்பப் பெற உதவும் அன்டூ, தற்காலிக வேலைக்கான டெம்ப் இரண்டுக்கும் தனி டேபிள்ஸ்பேஸ் உண்டு. அவற்றில் நாம் உருவாக்கும் நிரந்தர அட்டவணை ஒன்றைக்கூட வைக்க முடியாது. போதாக்குறைக்கு இண்டெக்சையே 'அட்டவணை' என்று எழுதுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

'வெளி'யும் இடிக்கிறது. பெயர்கள் மோதாமல் பிரித்துவைக்கும் நேம்ஸ்பேசுக்குப் 'பெயர்வெளி' பொருந்தும், அது வட்டில் இடம் பிடிப்பதில்லை. டேபிள்ஸ்பேஸ் இடம் பிடிக்கும், நிரம்பும், நிரம்பினால் புது வரிசை சேர்க்கும் இன்செர்ட் நின்றுவிடும். ஆரக்கிள் டேபிள்ஸ்பேஸ் என்பது டேட்டாஃபைல் எனும் வட்டுக் கோப்புகளின் தொகுப்பு, ஒவ்வொரு கோப்பும் பிளாக் எனும் சிறு துண்டுகளால் ஆனது. 8 கேபி பிளாக் உள்ள சாதாரண ஸ்மால்ஃபைல் (பல கோப்புகளை ஏற்கும்) டேபிள்ஸ்பேசில் ஒரு டேட்டாஃபைல் சுமார் 42 லட்சம் பிளாக் வரைதான் வளரும், அதாவது 32 ஜிபி. கோப்பு தானாக வளர ஆட்டோஎக்ஸ்டெண்ட் போட்டு, வரம்பில்லை எனும் பொருளில் மேக்ஸ்சைஸ் அன்லிமிடெட் என்று எழுதினாலும் இதே கதைதான். வட்டில் 500 ஜிபி காலி என்று லினக்ஸின் டிஎஃப் கட்டளை காட்டும், இங்கே 'அட்டவணையை நீட்ட முடியவில்லை' என்னும் ஓஆர்ஏ-01653 பிழை வந்து நிற்கும். அந்தப் பிழைச்செய்தியில் 128 என்று வந்தால் அது எம்பி அல்ல, பிளாக்; 8 கேபி கணக்கில் 1 எம்பி. அந்த 1 எம்பிக்குத்தான் இடமில்லை. புது வட்டு வாங்கி மாட்டினாலும் பிழை போகாது, இன்னொரு டேட்டாஃபைல் சேர்த்தால் போய்விடும்.

நெல் சேமிக்கும் மண்குதிர் இப்படித்தான். உறை எனும் மண்வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஓர் உறை கொள்ளும் அளவு அவ்வளவுதான், போதாவிட்டால் மேலே இன்னோர் உறை. நெல் கொட்டுகிறவர் எந்த உறையில் விழுகிறது என்று பார்ப்பதில்லை. அட்டவணை உருவாக்குகிறவருக்கும் எந்த டேட்டாஃபைல் என்ற கவலை இல்லை, குதிரின் பெயர் தெரிந்தால் போதும். ஆகவே 'தரவுக்குதிர்'. 'கிடங்கு' டேட்டா வேர்ஹவுசுக்குப் போய்விட்டது, 'களஞ்சியம்' ரெப்பாசிட்டரிக்கு.

மறுமொழி:

உவமை நன்றாக இருக்கிறது ஐயா, ஆனால் ஆரக்கிளோடு நின்றுவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் என்னும் இன்னொரு தரவுத்தள மென்பொருளில் உறையே கிடையாது. அங்கே டேபிள்ஸ்பேஸ் என்பது ஒரு கோப்புறை. போஸ்ட்கிரெஸ் பயனருக்கு உரிமையான வெற்றுக் கோப்புறையை முதலில் நாமே உருவாக்கி வைக்க வேண்டும், கிரியேட் டேபிள்ஸ்பேஸ் கட்டளை அதை உருவாக்கித் தராது. கட்டளை ஓடியதும் போஸ்ட்கிரெசின் பிஜி_டிபிஎல்எஸ்பிசி கோப்புறைக்குள், அந்த இடத்தைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் விழும், அவ்வளவுதான். அதற்கு இத்தனை ஜிபி என்று வரம்பு போடவும் வழியில்லை. அடியில் இருக்கும் வட்டு நிறையும்வரை வளரும்.

'குதிர்' ஒரு தவறான எண்ணத்தையும் தரும். குதிர் தனியாக நிற்பது. ஒன்று இடிந்தால் மற்றதில் நெல் இருக்கும். போஸ்ட்கிரெசில் அப்படி இல்லை. ஒரு டேபிள்ஸ்பேஸ் தொலைந்தால் மொத்த கிளஸ்டரும் (ஒரே சர்வர் நடத்தும் எல்லாத் தரவுத்தளங்களும்) எழும்பாமல் போகலாம். வேகம் கிடைக்கும் என்று மறுதொடக்கத்தில் அழிந்துவிடும் ராம் டிஸ்கில் (நினைவக வட்டில்) டேபிள்ஸ்பேஸ் வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழியைத் தாண்டிக் குதிர் என்றால் என்ன என்று அறியாதவர்களே இன்று அதிகம். அகராதியில் முதலில் குதிர் என்பதை விளக்கி, பிறகு டேபிள்ஸ்பேசை விளக்க வேண்டி வரும். 'வைப்பிடம்' என்றால் என்ன? கோப்புகளின் தொகுப்பானாலும் கோப்புறையானாலும், தரவை வைக்கும் இடம்.

மறுமொழி:

குதிர் தனியாக நிற்பது என்ற குறை நியாயமானது. ஆரக்கிளில் ஒரு டேபிள்ஸ்பேசை மட்டும் ஆஃப்லைன் ஆக்கலாம், வேறு தரவுத்தளத்துக்குப் பெயர்க்கவும் செய்யலாம். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். 'வைப்பிடம்' இருக்கட்டும், குதிர் விளக்கக் குறிப்பில் உவமையாக வரட்டும்.

ஆனால் ஹைவாட்டர் மார்க்குக்கு, அதாவது ஆரக்கிள் அட்டவணை இதுவரை எட்டிய உச்ச எல்லைக்கு, 'உயர்நீர்க் குறி' என்று பட்டியலில் இருப்பதை விடமாட்டேன். 'வெள்ளக்கோடு' என்று வைக்க வேண்டும். வெள்ளம் வடிந்தபின்னும் சுவரில் நிற்குமே, அந்தக் கோடு. ஒரு கோடி வரிசையில் 90 லட்சத்தை டெலீட் செய்தாலும் கோடு இறங்காது. அட்டவணை முழுதையும் படிக்கும் ஃபுல் ஸ்கேன் அதுவரை உள்ள பிளாக்குகளை எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கும். கோடு இறங்க, முதலில் வரிசைகள் இடம் மாற அனுமதிக்கும் ரோ மூவ்மெண்ட்டை எனேபிள் செய்து, வேலை நேரத்தில் ஷ்ரிங்க் ஸ்பேஸ் காம்பேக்ட் ஓட்டலாம். அது வரிசைகளை நெருக்கும், கோட்டைத் தொடாது. ஆள் குறைந்த நேரத்தில் வெறும் ஷ்ரிங்க் ஸ்பேஸ் கொடுத்தால் கோடு இறங்கும், அட்டவணை பூட்டப்படுவதும் சிறிது நேரத்துக்குத்தான். அட்டவணையைப் புது இடத்தில் பெயர்த்தெழுதும் சாதாரண மூவ் என்றால் இண்டெக்ஸ்கள் அன்யூசபிள் (பயன்படாதவை) ஆகிவிடும், ரீபில்ட் செய்ய வேண்டும். பழைய நகல், புது நகல் இரண்டுக்கும் இடமும் வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் டேட்டாஃபைல் தானாகச் சுருங்காது. அதைச் சுருக்க ரீசைஸ் கொடுத்தால் ஓஆர்ஏ-03297 பிழை வரக்கூடும்: நாம் கேட்ட அளவுக்கு அப்பால் ஏதோ ஓர் அட்டவணையின் அல்லது இண்டெக்சின் எக்ஸ்டெண்ட் (சேர்த்து ஒதுக்கிய பிளாக்குகள்) உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். டிபிஏ_எக்ஸ்டெண்ட்ஸ் எனும் ஆரக்கிள் பட்டியலில் அந்தக் கோப்புக்குரியவற்றை பிளாக் எண் இறங்குவரிசையில் பார்த்தால் யார் என்று தெரியும். அதை நகர்த்தினால்தான் கோப்பு குறையும்.

மறுமொழி:

வெள்ளக்கோட்டுக்குச் சம்மதம். போஸ்ட்கிரெசில் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்றாலும் நடப்பது அதேதான். அழித்த வரிசைகளைத் துப்புரவாக்கும் சாதாரண வேக்யூம், காலியான இடத்தை அதே அட்டவணை மறுபடி பயன்படுத்த விடும். கோப்பின் வாலில் முழுக்கக் காலியான பக்கங்கள் (ஆரக்கிளின் பிளாக் போன்றவை) இருந்தால் மட்டும் வட்டுக்குத் திருப்பித் தரும். வேக்யூம் ஃபுல் முழு அட்டவணையையும் புதிதாக எழுதும். முடியும்வரை தரவைப் படிக்கும் செலெக்ட்கூட ஓடாது, புது நகலுக்கு இடமும் வேண்டும். வட்டு 95 சதவீதம் நிரம்பியபிறகு அதைத் தொடுவது ஆபத்து.

எக்ஸ்டெண்ட்டுக்கு 'நீட்சி' வேண்டாம், அது எக்ஸ்டென்ஷனுக்குத் தேவை. அடுத்தடுத்த பிளாக்குகளை ஒரே வளைப்பாக ஒதுக்குவதுதானே, 'பாத்தி' எனலாம். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியில் 16 கேபி பக்கம் 64 சேர்ந்து 1 எம்பி. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 8 கேபி பக்கம் 8 சேர்ந்து 64 கேபி. ஆரக்கிள் தானே அளவைத் தேர்வுசெய்யும் ஆட்டோஅலோகேட்டில் அட்டவணை வளர வளர 64 கேபி, 1 எம்பி, 8 எம்பி, 64 எம்பி என்று பாத்தியும் பெரிதாகும்.

'செக்மெண்ட்' மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது. ஆரக்கிளில் அது ஒரு அட்டவணைக்கோ இண்டெக்சுக்கோ உரிய பாத்திகள் அனைத்தும். போஸ்ட்கிரெசில் அட்டவணை 1 ஜிபிக்கு ஒன்றாக உடையும் கோப்புத் துண்டு. இதற்கு ஒரே சொல் வைக்காமல் 'பாத்தித்தொகை', 'கோப்புத்துண்டு' என்று இரண்டாகப் பதியலாமா?