மேலத்தெரு வீடு (குடும்பக் குழு)

மீனா அத்தை, 6:42
📷 படம்
கார்த்தி, இது என்னடா? ராத்திரி மழையில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தது. கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது. தொட்டால் இன்னும் உப்புகிறது. வாளி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

முருகன் சித்தப்பா, 6:50
அக்கா, இது ஊதாத் தவளை! நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கண்டுபிடித்தார்களே, அதுதான். புது இனம் என்று தெருக் குழுவில் போட்டுவிட்டேன்.

யாழினி, 6:51
அப்பா, அதற்குள்ளேயா 🤦🏽‍♀️

கார்த்தி, 7:15
சித்தப்பா, முதலில் அதை அழியுங்கள். மூக்கைப் பாருங்கள், மொட்டையாக இருக்கிறது. ஊதாத் தவளைக்குப் பன்றி மூஞ்சி மாதிரி கூராக நீண்டிருக்கும். அத்தை வாளியில் இருப்பது பலூன் தவளை. 1799லேயே பெயர் வைத்தாயிற்று.

மீனா அத்தை, 7:17
போடா. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

கார்த்தி, 7:19
மண்ணுக்குள்ளேயே கிடக்கும் அத்தை, மழைக்குத்தான் மேலே வரும். ஊதாத் தவளையும் அப்படித்தான். வருஷத்தில் சில நாள்தான் வெளியே தலை காட்டும். இடுக்கிப் பக்கம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த தவளைதான், ஆனால் அறிவியல் பெயர் கிடைத்தது 2003ல். பிஜு, பொசுயிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வைத்தார்கள். அதன் நெருங்கிய சொந்தம் எங்கே இருக்கிறது தெரியுமா? இந்தியப் பெருங்கடலில் இருக்கிற சேஷல்ஸ் தீவில்!

யாழினி, 7:21
அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தவளை?

கார்த்தி, 7:26
அது இரண்டாவது இனம், 2017ல் வந்தது. கேரளத்தில் இருப்பது தென்மேற்குப் பருவமழைக்கு முட்டையிடும். மலைக்கு இந்தப் பக்கம் இருப்பது ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும். அது ஒன்றை வைத்தே புது இனம் என்று சொல்லிவிட முடியாது. கத்தும் சத்தம், உடலமைப்பு, மரபணு எல்லாவற்றையும் பழையதோடு ஒப்பிட்டார்கள். மாதிரி உடல் ஒன்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும், விளக்கம் எழுதி வெளியிட வேண்டும். கண்டுபிடிப்பதைவிட, இது ஏற்கெனவே பெயர் வைத்தது இல்லை என்று நிரூபிப்பதில்தான் உயிர் போகும்.

முருகன் சித்தப்பா, 7:28
அந்த இரண்டாவது இனத்தின் பெயர் பூபதி என்று படித்த ஞாபகம். கண்டுபிடித்தவரா?

கார்த்தி, 7:31
இல்லை சித்தப்பா. கோவை சலீம் அலி பறவையியல் ஆய்வு மையத்தில் இருந்த சுப்பிரமணியம் பூபதி. ஊர்வன, தவளைகளை ஆராய்ந்தவர். 2014ல் களப்பணிக்கு மலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்துவிட்டார். அவர் நினைவாக வைத்தது.

மீனா அத்தை, 7:33
ஐயோ பாவம்.

மீனா அத்தை, 7:34
அப்போது என் பெயர் வைக்க மாட்டார்களா 😀

கார்த்தி, 7:36
தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை அத்தை. ஆனால் படத்தைத் தேதி, இடத்தோடு ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றுங்கள், பார்த்த உயிரினங்களை யாரும் பதியலாம் என்கிற இணையதளம் அது. இந்த வட்டாரத்தில் இதற்குமுன் யாரும் பதிந்திருக்காவிட்டால் அது புதிய பதிவு. புது இனம் வேறு, புதிய பதிவு வேறு. முதுகு, வயிறு, கால் மூன்றும் தெரிகிற மாதிரி எடுங்கள். பின்னங்காலில் மண்வெட்டி மாதிரி ஒரு மேடு இருக்கும், அதைக் கிட்டத்தில் எடுங்கள்.

முருகன் சித்தப்பா, 7:38
அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் எதிர்வீட்டுக்காரர் மூன்று குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

யாழினி, 7:38
😂😂

மீனா அத்தை, 7:52
கார்த்தி, படம் எடுக்க வாளியைத் தூக்கினேன், துள்ளி முல்லைத் தொட்டிக்குள் போய்விட்டது. பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்குகிறது. இப்போது கண் மட்டும்தான் தெரிகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா, கூடாதா?

கார்த்தி, 7:53
தாராளமாக ஊற்றுங்கள். பூச்சி மருந்து மட்டும் வேண்டாம்.