மறு: மறு: நாஸ்கார் கட்டுரை – 'பிளேஆஃப்' தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க நாஸ்கார் கார்ப் பந்தயத்தின் பழைய ரசிகர்கள் இருபது வருடமாக ஏன் பொருமிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். இரண்டு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. ஒன்று ஸ்டாக் கார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் 'பங்கு கார்' என்கிறது. இன்னொன்று பிளேஆஃப். 'வெளியேற்றச் சுற்று' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. உதவுங்கள்.

*

தம்பி,

ஸ்டாக் என்றால் இங்கே கடைச்சரக்கு. கடையில் விற்கிற காரை மாற்றாமல் கொண்டுவந்து ஓட்டியதால் அந்தப் பெயர். 1949இல் ஆரம்பித்த தொடருக்கே 'ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்' என்றுதான் பெயர். ஆகவே 'சரக்குக் கார்'. சிரிக்காதே. ஜூனியர் ஜான்சன் மாதிரி ஆட்கள் கள்ளச்சாராயம் கடத்திக் கடத்தித்தான் கார் ஓட்டவே பழகினார்கள். சரக்கு இரண்டு அர்த்தத்திலும் பொருந்துகிறது. என்ன, வாசகர் டாஸ்மாக் பக்கம் போய்விடுவார்.

பிளேஆஃபுக்கு 'சல்லடைச் சுற்று' என் யோசனை. 16 பேர், அப்புறம் 12, 8, கடைசியில் 4. 'சலிப்புச் சுற்று' என்றும் வைக்கலாம். சலித்து எடுப்பதும் அதுதான், சலித்துப் போவதும் அதுதான். உன் பழைய ரசிகர்கள் கட்டாயம் ஆதரிப்பார்கள்.

*

சார்லட்டில் இருந்து எழுதுகிறேன். நாஸ்கார் அணிகளின் பட்டறைகள் பெரும்பாலும் இந்த ஊரைச் சுற்றித்தான். அதனால் வாயைத் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

> 'சல்லடைச் சுற்று' என் யோசனை

அண்ணே, சலிப்பு பிரமாதம். ஆனால் சல்லடையும் வெளியேற்றமும் ஒரே தப்பைச் செய்கின்றன. கிரிக்கெட்டில் நாக்அவுட்டில் தோற்ற அணி பெட்டி கட்டிவிடும். இங்கே யாரும் வீட்டுக்குப் போவதில்லை. 2020இல் கெவின் ஹார்விக் 9 பந்தயம் ஜெயித்தும் கடைசி நால்வரில் இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஞாயிறு அதே ஃபீனிக்ஸ் தடத்தில் அவர் காரும் ஓடியது. பட்டத்துக்கு நான்கு பேர், தடத்தில் முப்பத்துச் சொச்சம் கார்கள். 'வெளியேற்றம்' என்று எழுதினால் தமிழ் வாசகர் இதைத் தப்பாகத்தான் புரிந்துகொள்வார்.

அதைவிட முக்கியம், ரசிகர்களின் கோபம் சுற்றுகளில் ஆரம்பிக்கவில்லை. 1975 முதல் 2003 வரை கணக்கு எளிது: முதல் பந்தயம் தொட்டுக் கடைசிப் பந்தயம் வரை புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போவது, அதிகம் வைத்திருப்பவர் சாம்பியன். 2003இல் மாட் கென்செத் ஒரே ஒரு வெற்றியோடு பட்டம் வாங்கினார். 8 பந்தயம் ஜெயித்த ரையன் நியூமன் ஆறாவது. இது சப்பென்று இருக்கிறது என்று 2004இல் 'சேஸ்' கொண்டுவந்தார்கள். 26 பந்தயம் முடிந்ததும் முன்னணியில் இருப்பவர்களின் புள்ளிகளை ஏறக்குறையச் சமமாக்கிவிட்டு, மிச்சம் 10 பந்தயத்தில் தீர்ப்பு. அந்தச் சமமாக்கல்தான் புண். 'ரீசெட்' என்பார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜெஃப் கார்டன் ரசிகர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் புள்ளி எழுதுவார். 2007 செப்டம்பரில் கார்டன் 312 புள்ளி முன்னால் இருந்தார். ரீசெட் முடிந்த அன்று, ஜிம்மி ஜான்சனுக்கு 20 புள்ளி பின்னால். அதுவரை கார்டனுக்கு 4 வெற்றி, ஜான்சனுக்கு 6, ரீசெட்டில் வெற்றிக்குப் பத்துப் புள்ளி கூடுதல். அவ்வளவுதான் கணக்கு. பெரியவர் ரப்பர் எடுக்கவில்லை. புதுக் கணக்கை மேலே எழுதி, பழைய கணக்கைக் கீழே தொடர்ந்தார். ஜான்சன் அந்த வருடம் மொத்தம் 10 பந்தயம் ஜெயித்தவர், பட்டம் ஓசியில் வந்ததில்லை. கார்டன் 36 பந்தயத்தில் 30 முறை முதல் பத்துக்குள் வந்தவர். நவம்பரில் அந்தக் காலண்டரில் இரண்டு சாம்பியன்கள் இருந்தார்கள்.

நியாயமாகச் சொன்னால் 2011 எனக்குப் பிடித்திருந்தது. டோனி ஸ்டூவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் ஆளுக்கு 2403. வெற்றி எண்ணிக்கையில் ஸ்டூவர்ட்டுக்குப் பட்டம். சோபாவில் உட்கார முடியவில்லை. அதுவும் ரீசெட் கொடுத்ததுதான்.

2014இல் சுற்றுக்கு நான்கு பேரைக் கழித்து, கடைசி ஒரே பந்தயத்தில் நால்வரில் முந்துபவருக்குப் பட்டம் என்றார்கள். 2025இன் அந்தக் கடைசிப் பந்தயத்தில் டென்னி ஹாம்லின் தடத்தை 208 முறை சுற்றும்வரை (லாப்) முன்னால் ஓடினார். மூன்று லாப் மிச்சமிருக்கையில் மஞ்சள் கொடி, கார்கள் எல்லாம் மெதுவாகி நெருங்கிவிடும், முன்னிலை போச்சு. ஒரு லாப்கூட முன்னிலை வகிக்காத கைல் லார்சன் நால்வரில் முந்தி சாம்பியன். ஹாம்லினுக்கு இன்றுவரை பட்டமில்லை.

2026 ஜனவரியில் நாஸ்காரே இறங்கிவந்து கழிப்பதை எடுத்துவிட்டது. 16 பேர், 10 பந்தயம், வெற்றிக்கு 55 புள்ளி, பழையபடி 'சேஸ்'. ஆனால் ரீசெட் போகவில்லை, கவனியுங்கள். அதனால் தம்பி, 'வெளியேற்றச் சுற்று' ஏற்கெனவே காலாவதி. பிளேஆஃபை அப்படியே விடுங்கள், ஐபிஎல் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். பெயர் வேண்டியது ரீசெட்டுக்கு.

'மீட்டமைப்பு' சரிவராது. அது கைப்பேசிக்கு. எல்லாம் அழிந்து முதல் நிலைக்குப் போவது. இங்கே பூச்சியம் ஆவதில்லை. இப்போதைய விதியில் முதல்வருக்கு 2100, அடுத்தவருக்கு 2075, மூன்றாமவருக்கு 2065, பிறகு ஐந்தைந்தாக இறங்கும். மேட்டைச் சுரண்டிப் பள்ளத்தில் தள்ளியும் ஓரத்தில் கொஞ்சம் மேடு நிற்கிறது. தஞ்சாவூர்க்காரன் எனக்கு இதைப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. சேற்று வயலில் பலகை இழுத்துச் சமன் செய்வது, அதாவது பரம்படிப்பது. 'புள்ளிப் பரம்பல்' என்று வைக்கலாமா?

*

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து.

பரம்படிப்பது நல்ல உவமை, ஆனால் 'பரம்பல்' வேண்டாம் ஐயா. எங்கட கணிதப் புத்தகங்களில் பரம்பல் என்றால் புள்ளிவிவரத்தில் வாற பரவல். சனத்தொகைப் பரம்பல், நிகழ்தகவுப் பரம்பல் எல்லாம் படிச்சுத்தான் வந்தனாங்கள். 'புள்ளிப் பரம்பல்' என்றால் நான் வரைபடத்தைத் தேடுவன். 'பரம்படிப்பு' என்றே வையுங்கோ. குழப்பம் இராது.

*

யாழ்ப்பாணத்து ஐயா சொல்வது சரி. பரம்பலை விட்டுவிடுகிறேன், பரம்படிப்பு.

நேற்றுப் பெரியவரிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இதை விளக்கினேன். புகையிலைக் காட்டில் வளர்ந்தவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். கனம் வேண்டுமென்று பலகைமேல் ஆள் ஏறி நிற்பதையும் சொன்னேன். "அப்படியானால் இதில் பலகைமேல் நிற்பது யார்?" என்று கேட்டார். டிவிக்காரர்கள் என்றேன். அவர் நாஸ்கார் என்றார்.

*

நன்றி அண்ணன்மாரே, ஐயா. வரைவில் இப்படிப் போட்டிருக்கிறேன்: "26 பந்தயங்களுக்குப் பின் புள்ளிகள் பரம்படிக்கப்படும்." "2007 பரம்படிப்பில் கார்டனின் 312 புள்ளி முன்னிலை கரைந்தது." வினையாகவும் பெயராகவும் நிற்கிறது. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'ரீசெட்' கொடுத்திருக்கிறேன்.

ஸ்டாக் காரை ஸ்டாக் கார் என்றே விட்டுவிட்டேன். சரக்கு ஜோக் அடிக்குறிப்புக்குப் போகிறது, அண்ணன் கோபிக்கக் கூடாது. 'சேஸ்' மட்டும் பாக்கி. 'பட்டத்துரத்தல்' என்றால் யாரோ மாடியில் காற்றாடி பிடிக்க ஓடுவது மாதிரி இருக்கிறது. வேறு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.